தோற்றாலும் எங்கள் கல்லூரி!

செஞ்சியை அடுத்த தொண்டூருக்குப் போகிறவர்கள் அங்குள்ள பாறையை ஒரு தரமாவது பார்த்துவிட்டு வரவேண்டும். ஆள் படுக்கும் அளவுக்கு வழவழவென்று செதுக்கிய கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் தங்கிய இடம் அது. பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்றும் உண்டு. அந்தப் படுக்கைகளைச் செய்து கொடுத்தவரின் பெயரை அது சொல்லுகிறது.

இப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழர்கள் வைத்திருந்த பெயர் 'பள்ளி'. படுக்கைக்கும் பள்ளி என்றுதான் பெயர். துறவிகள் தங்கிய இடத்துக்கும் பள்ளி என்றுதான் பெயர். துறவிகளை அண்டிப் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். அதனால் படிக்கும் இடமும் பள்ளி ஆயிற்று என்பார்கள். ஆக, பள்ளிக்குக் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

இன்றைக்கும் அந்த வழக்கம் போய்விடவில்லை. எந்தக் கல்லூரிக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் பழைய மாணவர் பெயர். நாற்காலியின் முதுகில் பழைய மாணவர் பெயர். குழல் விளக்கின்மேல் 'உபயம்' என்று பெரிதாக எழுதி, விளக்கின் வெளிச்சத்தில் பாதியை எழுத்தே மறைத்துக்கொண்டிருக்கும்!

கொடுக்கட்டும். வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் படித்த இடத்துக்குச் செலுத்தவேண்டிய கடன் விசிறியோடும் விளக்கோடும் தீர்ந்துவிடுகிறதா? காசு செலவில்லாத கடன் ஒன்று இருக்கிறது. கல்லூரியின் பிள்ளைகள் பந்தாடும்போது, மைதானத்தின் ஓரமாக வந்து நிற்பதுதான் அது. அவர்கள் ஜெயிக்கும்போது மட்டும் அல்ல, தோற்கும்போதும் நிற்பது.

செஞ்சி சொல்லும் பாடம்

தோற்றவர் பக்கம் நிற்பதைப் பற்றிப் பேச செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய இந்தக் கோட்டை, 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்று. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. சோழர் காலத்துக்குப் பின் எத்தனையோ பேர் இதைப் பிடித்தார்கள். எத்தனையோ பேர் இழந்தார்கள். ஆனால் செஞ்சி என்றவுடன் ஜனங்களின் வாயில் வருகிற பெயர் ஒன்றே ஒன்றுதான். ராஜா தேசிங்கு.

தேசிங்கு என்ன சாதித்தான்? கணக்குப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். சில நூறு குதிரை வீரர்களோடு பெரும்படையை எதிர்த்தான். 1714-ல் போர்க்களத்தில் மாண்டான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டுதான் என்பார்கள். ஒரு கல்லூரி மாணவனின் வயது! அவனுடைய நண்பன் மகபத்கான் தன் கலியாணப் பந்தலிலிருந்தே எழுந்து வந்து அவனோடு சேர்ந்து சண்டையிட்டு உயிர் விட்டான் என்று கதைப்பாடல் சொல்லுகிறது. தோற்கப் போகிற பக்கம் என்று தெரிந்தும் வந்தான்.

ஜெயித்த நவாபின் பெயரைச் சொல்லும் பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. ஆனால் பாட்டு தோற்றவனுக்குத்தான். கிராமத்துத் திண்ணையில் பாடினார்கள், கூத்தில் ஆடினார்கள், 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் டிக்கட் வாங்கிக் கொண்டு போய் ஜனங்கள் தேசிங்குக்காகக் கண்ணீர் விட்டார்கள். அபிமானத்துக்கு வெற்றி தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆள் மாறும், அணி மாறாது

இந்த அபிமானம் இன்று எங்கே போயிருக்கிறது? செஞ்சி பஸ் நிலையத்து டீக்கடையில் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பட்டதாரியையும் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் நேற்று எந்தக் கால்பந்துக் குழு எத்தனை கோல் போட்டது என்று புள்ளி விவரத்தோடு சொல்லுவார். கோல் போட்டவன் எத்தனை கோடிக்கு விலை போனவன் என்பதும் அவருக்குத் தெரியும். "சரி, நீங்கள் படித்த கல்லூரியின் அணி இந்த ஆண்டு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். ஒரு வினாடி யோசித்துவிட்டு, "எங்க காலேஜ்ல டீம் இருக்குதா என்ன?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.

கல்லூரி அணியைப் பின்பற்றுவது ஒரு விசித்திரமான காரியந்தான். மற்ற அணிகளுக்கு நட்சத்திரங்கள் உண்டு. பத்து வருஷம் ஒரே முகத்தைப் பார்த்துக் கைதட்டலாம். கல்லூரி அணியிலோ மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பதினோரு முகங்களும் மாறிவிடுகின்றன. நல்ல ஆட்டக்காரன் என்று பெயர் எடுப்பதற்குள் பையன் இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடப் போய்விடுகிறான். அப்படியானால் பழைய மாணவர் யாரைப் பின்பற்றுகிறார்?

தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். வடம் பிடிக்கும் கைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. தாத்தா பிடித்த இடத்தில் பேரன் பிடிக்கிறான். தேர் மட்டும் அதே தேர்தான். அது போகும் வீதியும் அதே வீதிதான். கல்லூரியின் பெயரைச் சட்டையின் மார்பில் எழுதிக்கொண்டு ஓடுகிற பையன் யாராயிருந்தாலும், அவன் இழுப்பது பழைய மாணவர் இழுத்த அதே தேரை.

இன்னொன்றும் உண்டு. வேறு எந்த அணியையும் ரசிகன் தேர்ந்தெடுக்கிறான். பிடித்தால் இருக்கிறான், பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் வேறு அணிக்குக் கைதட்டுகிறான். கல்லூரியை அப்படி மாற்ற முடியாது. பெற்ற தாயை மாற்ற முடியாததுபோல, படித்த இடத்தையும் மாற்ற முடியாது. கைதட்டினாலும் தட்டாவிட்டாலும் அது அவருடைய அணிதான்.

யாழ்ப்பாணத்துப் பெரும்போர்

தமிழர்களுக்கு இந்தப் பற்று புதிது என்று யாராவது சொன்னால், அவர்கள் மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.

அங்கே பெரிய பள்ளிக்கூடங்களைக் 'கல்லூரி' என்றே அழைப்பார்கள். 1816-ல் மெதடிஸ்த மிஷனரிகள் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும், 1823-ல் ஆங்கிலிகன் மிஷனரிகள் தொடங்கிய புனித யோவான் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதி வருகின்றன. 'வடக்கின் பெரும்போர்' என்று அதற்குப் பெயர். புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் 1917 முதல் ஆடுவது 'பொன் அணிகளின் போர்'. கால்பந்துக்கும் குறைவில்லை, பத்திரிசியாரும் இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் அதில் பெயர் பெற்றவை.

பெரும்போர் நடக்கும் நாட்களில் மத்திய கல்லூரி மைதானத்தில் பாண்டு வாத்தியம் காதைப் பிளக்கும். கொடிகள் பறக்கும். நரைத்த தலைகள் பையன்களோடு சேர்ந்து ஆடும். லண்டன், டொராண்டோ, சிட்னி, மெல்போர்ன் என்று உலகம் முழுவதும் பரவிய பழைய மாணவர்கள் இதற்கென்றே லீவு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் யார் எந்தப் பந்தில் அவுட் ஆனான் என்பது இன்னும் தீராத விவாதமாக நடக்கும்.

இது வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் யாழ்ப்பாணக் கோட்டை. பக்கத்திலேயே 1981-ல் எரிக்கப்பட்ட பொது நூலகம். கோட்டையைச் சுற்றிப் பல ஆண்டுகள் குண்டு விழுந்தது. சில ஆண்டுகள் ஆட்டமே நடக்கவில்லை. புனித யோவான் கல்லூரியின் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் இடையே நட்பு முறையில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார் என்பதற்காக விடுதலைப் புலிகள் அவரைக் கொன்றார்கள் என்பது பதிவான சரித்திரம்.

ஒரு பந்தாட்டத்துக்காக ஓர் அதிபர் உயிரை விட்டார்! பந்தாட்டம் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, பெரியவர்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவேண்டும். துப்பாக்கி பேசிய காலத்தில் பந்து பேசட்டும் என்று நினைத்தவர் அவர்.

போர் 2009-ல் முடிந்தது. ஊரைவிட்டுப் போன லட்சக்கணக்கானவர்களில் பலருக்கு வீடு இல்லை, தெரு அடையாளம் தெரியவில்லை, உறவினர்கள் சிதறிவிட்டார்கள். திரும்பி வந்து நிற்பதற்கு மிச்சமிருந்த இடங்களில் ஒன்று பள்ளி மைதானம். பெரும்போர் தொடர்ந்து நடந்து நூறாவது ஆட்டத்தையும் தாண்டிவிட்டது. பற்று என்ன காரியத்துக்கு உதவும் என்பதை யாழ்ப்பாணம் காட்டிவிட்டது. எல்லாம் போன பிறகும் ஒரு கூட்டம் ஜனங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதற்கு அது உதவும்.

முப்பத்து நான்கு தோல்விகள்

கல்லூரி அணிப் பற்றை மதம்போல வளர்த்திருக்கும் நாடு அமெரிக்கா. அவர்கள் கால்பந்து என்று சொல்லுவது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். 1869 நவம்பர் 6-ந் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரு கல்லூரிகளின் மாணவர்கள் ஆடியதைத்தான் அதன் தொடக்கம் என்கிறார்கள். இன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, 'வீடு திரும்பும் நாள்' என்று பெயரிட்டுப் பழைய மாணவர்களை அழைக்கிறார்கள். தாத்தா, மகன், பேத்தி எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அங்கும் பற்றின் உரைகல் தோல்விதான். சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் படிப்பில் பேர் போனது. பந்தாட்டத்தில் பேர் கெட்டது. 1979 முதல் 1982 வரை அதன் அணி தொடர்ந்து 34 ஆட்டங்கள் தோற்றது. பெரிய பல்கலைக்கழகங்களின் வரிசையில் அதுவே சாதனை! 1982 செப்டம்பர் 25-ந் தேதி ஒருவழியாக ஜெயித்தபோது, மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்துகொண்டு போய் மிச்சிகன் ஏரியில் போட்டார்கள். ஒரே ஒரு வெற்றிக்கு அவ்வளவு கொண்டாட்டம்.

அதோடு கதை முடியவில்லை. 1949-க்குப் பிறகு 'ரோஸ் பௌல்' என்ற பெரிய ஆட்டத்தின் வாசலையே மிதிக்காத அந்த அணி, 1996 ஜனவரி 1-ந் தேதி அங்கே போய் நின்றது. இடையில் 47 வருஷம். அன்று கூடியிருந்த பழைய மாணவர்களில் எத்தனையோ பேர் இளைஞராகக் காத்திருக்கத் தொடங்கிக் கிழவராக அங்கே வந்து சேர்ந்தவர்கள். ஆட்டத்தின் முடிவு? 41-க்கு 32 என்ற கணக்கில் நார்த்வெஸ்டர்ன் தோற்றது! அதற்காக அவர்கள் யாரும் அடுத்த வருஷம் வேறு கல்லூரிக்குக் கொடி பிடிக்கவில்லை.

கண்ணை மறைக்கும் பற்று

அமெரிக்காவைப் புகழ்ந்ததோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையைச் சொன்னதாகும். பற்று முற்றினால் பைத்தியம் என்பதற்கும் அங்கேதான் உதாரணம் இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணியை ஜோ பட்டெர்னோ என்ற பயிற்சியாளர் 46 வருஷம் நடத்தினார். ஜனங்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். அவரிடம் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜெரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்தவர் என்ற குற்றச்சாட்டு 2011-ல் வெளியாயிற்று. நிர்வாகம் பட்டெர்னோவை வேலையிலிருந்து நீக்கியது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி, தொலைக்காட்சி நிறுவனத்தின் வண்டியைக் கவிழ்த்தார்கள். கெடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக அல்ல, பயிற்சியாளருக்காக! சாண்டஸ்கி 45 குற்றங்களைச் செய்தவர் என்று 2012-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணியின்மேல் வைத்த அன்பு, கல்லூரியின் மானத்தைவிட, குழந்தைகளின் மானத்தைவிடப் பெரிதாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

பணமும் தன் வேலையைக் காட்டிவிட்டது. ஆட்டக்கார மாணவர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று 2021-ல் விதி மாறியது. அவர்கள் வியர்வையில் மற்றவர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்தபோது அவர்களுக்கு மட்டும் பட்டினி போடுவது நியாயமில்லைதான். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசப்படி, ஒரு பல்கலைக்கழகமே தன் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேராகக் கொடுக்கலாம். அதே சமயம், வருஷத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிற பையன்களும் பெருகிவிட்டார்கள். பணக்காரப் பழைய மாணவர்கள் அணிக்கு ஆள் பிடிக்க நிதி திரட்டுகிறார்கள். கல்லூரி அணி கடைச்சரக்காகிவிட்டால் அதற்கும் மற்ற அணிகளுக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே பழைய மாணவரின் பற்றுக்கு ஒரு வரம்பு வேண்டும். அந்த வரம்பை ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கலாம். மைதானத்தின் ஓரத்தில் நின்று அவர் யாருக்காகக் கைதட்டுகிறார்? போய்விட்ட தம் இளமைக்காகவா, எதிரே ஓடுகிற பையனுக்காகவா? தம் இளமைக்காகக் கைதட்டுகிறவர் பையன் தோற்றால் திட்டுவார். எப்பாடுபட்டாவது ஜெயிக்கச் சொல்லுவார். பையனுக்காகக் கைதட்டுகிறவர், தோற்ற பையனின் தோளில் கையை வைப்பார்.

பஸ் கூரையும் பந்தாட்ட மைதானமும்

தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கல்லூரிப் பற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிறது, அது போகும் வழிதான் கோணலாகிவிட்டது.

சென்னையில் அந்தப் பற்று பஸ் கூரையில் ஏறியது. 'பஸ் தினம்' என்று சொல்லிக்கொண்டு கூரைமேல் ஆடினார்கள். எந்த வழித்தடத்து மாணவன் பெரியவன் என்று 'ரூட்டு தல' பட்டம் சூட்டிக்கொண்டார்கள். ரயில் நிலையங்களில் பட்டாக் கத்தியோடு திரிந்தவர்கள் பிடிபட்டார்கள். நகரத்தின் பழம்பெரும் கல்லூரிகள் இரண்டின் மாணவர்களுக்குள் நடந்த தகராறில், 2024 அக்டோபரில் ஒரு பையன் உயிரையே இழந்தான். தூரத்து ஊரிலிருந்து ரயிலேறித் தினமும் படிக்க வந்த பையன்.

கல்லூரியின் பெயரைச் சொல்லித்தான் இதெல்லாம் நடந்தது. 'எங்கள் கல்லூரி' என்று கத்த வேண்டும் என்ற ஆசை பதினெட்டு வயதில் எல்லாருக்கும் இருக்கும். அதற்கு ஒரு மைதானம், ஒரு பந்து, ஒரு நடுவர், ஒன்றரை மணி நேரம் என்று எல்லை கட்டிக் கொடுக்காவிட்டால், அது தெருவில் தனக்குத் தானே மைதானம் தேடிக்கொள்ளும். தெரு ஆட்டத்தில் நடுவர் கிடையாது. விசில் ஊதி நிறுத்துவாரும் கிடையாது.

மைதானம் வந்துவிட்டால் சண்டை ஒழிந்துவிடும் என்று சொல்லுவது அசட்டுத்தனம். பந்தாட்டத்திலும் அடிதடி நடந்ததுண்டு. ஆனால் மைதானத்தின் ஓரத்தில் ஐம்பது வயதுப் பழைய மாணவர்கள் நூறு பேர் நின்றால் நிலைமை வேறு. அப்பன் வயதுள்ளவர் பக்கத்தில் நிற்கும்போது கத்தியை எடுக்கக் கை கூசும். யாழ்ப்பாணத்தில் நரைத்த தலைகள் வருவதன் நன்மை இதுதான்.

"படிக்கவா, பந்தாடவா?" என்று கேட்கிற பெற்றோர்களும் உண்டு. இந்தக் கவலை நியாயமானது. தொண்டூரைப் போன்ற கிராமங்களிலிருந்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப ஆட்டையும் மாட்டையும் விற்கிறவர்களுக்குப் பட்டம்தான் பெரிது. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடமும், பிறகு ரயில்வேயிலும் போலீசிலும் வேலையும் பெற்றவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். பழைய தென்னார்க்காடு ஜில்லாவையே எடுத்துக்கொள்ளலாம். இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடிப் புகழ்பெற்ற இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆயிற்று. அந்த அணிக்கு வந்த பெண்களில் பலர் சிற்றூர்களில், பார்ப்பாரற்ற மைதானங்களில் பந்துதைத்து வந்தவர்கள்.

இதற்கெல்லாம் பெரிய கழகங்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்லலாம். சென்னை சிட்டி என்ற கழகம் 2019-ல் ஐ-லீக் கோப்பையை வென்றது. தமிழ்நாடே பூரித்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தக் கழகம் களத்திலிருந்தே மறைந்தது. இரண்டு முறை பட்டம் வென்ற சென்னையின் எப்.சி. ஆடுகிற ஐ.எஸ்.எல். போட்டியோ, ஒப்பந்தத் தகராறில் 2025 ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்டது. முதலாளிகள் வருவார்கள், போவார்கள். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி 1837-லிருந்து இருக்கிறது; லயோலா 1925-லிருந்து இருக்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள அரசுக் கல்லூரிகளும் நாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடப் போவதில்லை. அபிமானத்தை முதலீடு செய்கிறவர்கள் திவாலாகாத இடமாகப் பார்த்துப் போட வேண்டாமா?

ஒரு சனிக்கிழமை மாலை

இதற்குச் சட்டம் வேண்டாம். சர்க்கார் மான்யம் வேண்டாம். மூன்று சிறு காரியங்கள் போதும்.

முதலாவது, ஒவ்வொரு கல்லூரியும் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு ஆண்டுக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளட்டும். அதே மாதம், அதே கிழமை. மழை வந்தாலும் தேர்தல் வந்தாலும் அந்த நாள் மாறக்கூடாது. பெரும்போருக்கு மதிப்பு வந்தது ஆட்டத்தின் தரத்தால் அல்ல, விடாமல் தொடர்ந்ததால். பையன்களுக்கு ஓர் ஆட்டம் என்றால் பெண்களுக்கும் ஓர் ஆட்டம் இருக்கட்டும்.

இரண்டாவது, பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை அந்த நாளிலேயே வைக்கட்டும். வடை பாயசத்தோடு விருந்து சாப்பிட்டு, வரவேற்புரை முதல் நன்றியுரை வரை கேட்டுக் கொட்டாவி விடுவதைவிட, மைதானத்து வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால் பசி எடுத்துச் சாப்பாடும் ருசிக்கும்.

மூன்றாவது, மைதானத்தைக் காப்பாற்றட்டும். புதிய கட்டடம் என்றதும் நிர்வாகத்தின் கண் முதலில் போவது விளையாட்டு மைதானத்தின் மேல்தான். காலி இடம் என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாளாவது ஆயிரம் பேர் கூடுகிற இடத்தைக் காலி இடம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது.

தொண்டூர்ப் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்தவரின் பெயர் பதினேழு நூற்றாண்டாக அழியவில்லை. நல்ல காரியந்தான். ஆனால் ராஜா தேசிங்குக்காகக் கலியாணப் பந்தலை விட்டு வந்தவன் எந்தக் கல்லிலும் பெயர் வெட்டச் சொல்லவில்லை. வந்தான், பக்கத்தில் நின்றான். அதற்கே முந்நூறு வருஷமாகப் பாட்டு.

அடுத்த சனிக்கிழமை மாலை, தாம் படித்த கல்லூரியின் மைதானத்துப் பக்கம் ஒரு பழைய மாணவர் போய் நின்றால் என்ன ஆகும்? உலகம் தலைகீழாக மாறிவிடாது. அணி மூன்று கோல் வாங்கித் தோற்றாலும் தோற்கலாம். ஆட்டம் முடிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தலை குனிந்து வருகிற பையன் ஒருவன், வேலியோரம் நிற்கிற பெரியவரை நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்க யாரு?" என்று கேட்பான்.

"நானும் இந்தக் காலேஜ்தான்'பா" என்று அவர் சொல்லுவார்.

பையனின் தலை நிமிர அது போதும்.